வாத்தியாருக்கு 3.4 மார்க்

சித்தி மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். போன ஆகஸ்டில், கோர்ஸ் பதிவு முடிய இரண்டே நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். 'ரேட் மை ப்ரொஃபசர்ஸ்' தளத்தில் எடுத்தது. பேராசிரியர் பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் 3.4. பக்கத்தில் 'கடினம்: 4.3'. மறுபடியும் இவரிடம் படிப்பீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் 57 சதவீதம். மதிப்பிட்டவர்கள் மொத்தம் 14 பேர். அடியில் இவனுடைய கேள்வி: "அண்ணா, அல்காரிதம்ஸ் இவர்கிட்ட எடுக்கலாமா? 3.4னா பாஸா ஃபெயிலா?"

இரண்டும் இல்லை என்று பதில் போட்டேன். அது அவனுக்குப் போதவில்லை. ஃபோன் போட்டுவிட்டான். அன்றிரவு ஒரு மணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு உதவும். இங்கேயே படிப்பவர்களும் செமஸ்டர் கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்புகிறார்கள் அல்லவா, அவர்களுக்கும்தான்.

முதலில் தளத்தைப் பற்றி. 1999-இல் கலிஃபோர்னியாவில் ஜான் ஸ்வாப்சின்ஸ்கி என்ற மென்பொருள் பொறியாளர் தொடங்கியது. அப்போது அதன் பெயர் 'டீச்சர் ரேட்டிங்ஸ்'. இப்போதைய பெயர் 2001-இல் வந்தது. பிறகு பல கை மாறியது. 2007-இல் எம்டிவியின் கல்லூரிச் சேனல் வாங்கியது, 2018-இல் செட்டார் என்ற செய்தி நிறுவனத்துக்குப் போனது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய், கல்லூரியையும் பேராசிரியரையும் தேடி, 1 முதல் 5 வரை மார்க் போடலாம். பாடம் எவ்வளவு கடினம், மறுபடி இவரிடம் படிப்பீர்களா என்று இன்னும் சில கேள்விகள் உண்டு. 'மார்க் போடுவதில் கறார்', 'படிக்க நிறைய இருக்கும்', 'அக்கறையானவர்' என்பது மாதிரி ஆயத்தக் குறிச்சொற்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். நாலு வரி கருத்தும் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. திட்டு, மிரட்டல் இருந்தால் தளத்தார் நீக்குவார்கள். ஆனால் எழுதியவர் அந்த வகுப்பில் உண்மையிலேயே உட்கார்ந்தவர்தானா என்று பார்ப்பதற்கு அவர்களிடம் கல்லூரியின் வருகைப் பதிவேடு கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. பேராசிரியர் பார்க்க அழகாக இருக்கிறாரா என்று ஒரு கேள்வி! ஆம் என்று போதுமான பேர் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மிளகாய்ப் படம் வரும். பெண் பேராசிரியர்கள் பலர் கடுமையாக எதிர்த்த பிறகு 2018-இல்தான் மிளகாயை எடுத்தார்கள். ஏறத்தாழ இருபது வருஷம் அது அங்கே இருந்தது. இந்த மாதிரித் தளத்தில் என்னென்ன மார்க்காக மாறிவிடும் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாணவர் ஆசிரியருக்கு மார்க் போடுவது இணையத்தோடு வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் பொலோனியாவில் இடைக்காலத்தில் மாணவர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, தாங்களே பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மணி அடித்துத் தாமதமாக வந்தால் அபராதம். நேரம் முடிந்தும் பேசிக்கொண்டே இருந்தால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூடச் சேரவில்லை என்றால் அவர் வரவே இல்லை என்று கணக்கு வைத்து அதற்கும் அபராதம். ஊரைவிட்டு வெளியே போவதென்றால் திரும்பி வருவேன் என்பதற்குப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 3.4 ரொம்பச் சாது. அச்சடித்த படிவத்தில் ஆசிரியரை மதிப்பிடுவது 1920-களில் பர்டியூ போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பர்டியூவில் அதை உருவாக்கியவர் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர்.

நம் ஊரில் இதே வேலையைச் செய்துவந்தவர்கள் சீனியர்கள். "அந்த மேடமா? முதல் பெஞ்சுல உக்காராத." "அவர்கிட்ட இன்டர்னல் மார்க் கவலையே இல்ல." "அந்த சார் நடத்துறது புரியாது, ஆனா அவர் நோட்ஸ் தங்கம்." ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லியோடு சேர்ந்து வரும் இந்தத் தகவல்களுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சொல்கிறவன் யார் என்று நமக்குத் தெரியும். மூன்று அரியர் வைத்திருப்பவன் "அந்த சார் மோசம்" என்றால் ஒரு அர்த்தம். ரேங்க் வாங்குகிற அக்கா அதையே சொன்னால் வேறு அர்த்தம். இணையத்தில் காணாமல் போனது இந்த எடைபோடும் வசதிதான். அரியர்காரனும் ரேங்க் அக்காவும் பெயரில்லாமல் ஒரே சராசரிக்குள் கலந்துவிடுகிறார்கள்.

சரி, அந்தச் சராசரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஐந்து பேர் 5, 5, 5, 1, 1 என்று போட்டால் சராசரி 3.4. வேறு ஐந்து பேர் 3, 3, 4, 4, 3 என்று போட்டாலும் 3.4 தான். முதலாமவர் சிலருக்குத் தெய்வம், சிலருக்கு எமன். இரண்டாமவர் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயமே இல்லை. வகுப்பில் உட்காரப் போகிறவனுக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றாக முடியுமா? எண் ஒன்றாகிவிடுகிறது. அதனால் சராசரியைப் பார்த்த கையோடு கீழே இருக்கும் பட்டைகளைப் பார்க்கச் சொன்னேன். 5 எத்தனை பேர், 4 எத்தனை பேர் என்று அங்கே இருக்கும்.

எண்ணினான். 5 போட்டவர்கள் ஆறு பேர், 4 போட்டவர்கள் இரண்டு பேர், 3 ஒருவர், 2 ஒருவர், 1 போட்டவர்கள் நாலு பேர். நடுவில் ஆள் குறைவு. இரண்டு முனையிலும் கூட்டம்.

ஆன்லைன் மதிப்பீடுகளில் இது அடிக்கடி நடப்பது. ஸ்விக்கியில் பிரியாணி ஆர்டர் செய்கிறீர்கள். சூடாக, சுமாராக, நேரத்துக்கு வருகிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடுவீர்கள். ரிவ்யூ எழுதுவது எப்போது? லெக் பீஸ் இல்லாதபோது. இல்லை, அபாரமாக இருந்து யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றும்போது. பேராசிரியர் விஷயமும் அப்படியே. வகுப்பில் 120 பேர் இருந்தால் எழுத வருவது ஏழெட்டுப் பேர். அவர்கள் அந்த 120 பேரின் மாதிரி கிடையாது. அவர்களில் மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் நொந்தவர்களும். புள்ளியியலில் இதைச் சுய தேர்வுச் சார்பு என்பார்கள். யாரைக் கேட்கலாம் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்களாகவே வந்து நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அப்புறம் அவனைக் கருத்துகளைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கருத்தின் மேலேயும் எந்தக் கோர்ஸ் என்று எண் இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பேராசிரியர் இரண்டு கோர்ஸ் எடுக்கிறார். ஒன்று முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய ப்ரோகிராமிங். இன்னொன்று இவன் கேட்கும் அல்காரிதம்ஸ். 14 பேரில் அல்காரிதம்ஸ் படித்தவர்கள் ஐந்து பேர்தான். அவர்கள் போட்டது 5, 5, 5, 4, 2. சராசரி 4.2. மீதி ஒன்பது பேரும் முதலாண்டு வகுப்புக்காரர்கள். அவர்களுடைய சராசரி 2.9. அந்த நாலு 1-உம் அங்கிருந்து வந்தவைதான். காலை எட்டு மணி வகுப்பு என்று இரண்டு பேர் அதில் புலம்பியிருந்தார்கள்.

ஆக 3.4 என்ற வாத்தியார் எங்கேயும் இல்லை. 4.2 வாத்தியார் ஒருவர், 2.9 வாத்தியார் ஒருவர், இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள். தாங்களாக விரும்பி எடுத்த பாடத்துக்கு மாணவர்கள் கூடுதலாகப் போடுவதும், தலையில் கட்டிய பாடத்துக்கு, அதிலும் கணக்கு சார்ந்த பாடத்துக்குக் குறைவாகப் போடுவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். புள்ளியியல் எடுக்கும் பேராசிரியரையும் இலக்கியம் எடுக்கும் பேராசிரியரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் முன்னவருக்கு ஆரம்பத்திலேயே சில புள்ளி நஷ்டம்.

இதெல்லாம் கணக்குப் பிழை. கவனமாகப் படித்தால் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாத சிக்கல் வேறொன்று இருக்கிறது. 14 பேருக்குப் பதிலாக 1,400 பேர் எழுதினாலும், ஒவ்வொருவரும் நேர்மையாக எழுதினாலும், அந்த எண் எதை அளக்கிறது? அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்பதை அளக்கிறது. எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்பதை அளப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

1970-இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரைப் பிடித்தார்கள். 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றி ஒரு மணி நேரம் பேச வைத்தார்கள். அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசு, இல்லாத சொற்களை உண்டாக்கு, நடுநடுவே ஜோக் அடி, ஆனால் தெம்பாகப் பேசு என்பதுதான் பயிற்சி. கேட்டவர்கள் யாரோ எவரோ இல்லை, மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வித்துறைக்காரர்கள். பேச்சு முடிந்து படிவம் கொடுத்தால், பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டார்கள். சிந்தனையைத் தூண்டியது என்றார்கள். வேஷம் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் ஃபாக்ஸ் எழுதியவற்றை ஏற்கெனவே படித்திருப்பதாகக்கூட ஒருவர் எழுதிக்கொடுத்தார்! இது 1973-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நம் ஊர்ப் பட்டிமன்ற மேடைகளை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரே ஒரு மணி நேரப் பேச்சு, அதை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயம். அதைவிட உறுதியான சான்று அமெரிக்க விமானப்படை அகாடமியிலிருந்து வந்தது. அங்கே யாரிடம் படிப்பது என்று மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. பேராசிரியர்களிடம் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து அனுப்புவார்கள். எல்லாருக்கும் ஒரே சிலபஸ், ஒரே தேர்வு. முதல் கால்குலஸ் முடித்தவர்கள் அடுத்து வருகிற கணிதப் பாடங்களையும் கட்டாயம் படித்தாக வேண்டும். ஒரு வாத்தியார் கற்றுக்கொடுத்தது எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் அமையாது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மார்க்குகளைப் பார்த்து 2010-இல் எழுதினார்கள்.

அவர்கள் கண்டது இது. சில பேராசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தச் செமஸ்டரில் நல்ல மார்க் வாங்கினார்கள், அந்தப் பேராசிரியர்களுக்கு மாணவர் மதிப்பீடும் நன்றாக வந்தது. ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் அந்த மாணவர்கள் பின்தங்கினார்கள். வேறு சில பேராசிரியர்கள், பெரும்பாலும் அனுபவமும் உயர்படிப்பும் கூடியவர்கள், கேள்வித்தாளோடு நிற்காமல் அடி வேர்வரை தோண்டியிருக்கிறார்கள் போலும். அவர்களுடைய மாணவர்கள் அந்தச் செமஸ்டரில் திணறினார்கள், பேராசிரியருக்கும் மார்க்கைக் குறைத்துப் போட்டார்கள். ஆனால் அடுத்த பாடங்களில் அவர்களே முன்னே போனார்கள். மிலான் நகரின் போக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வும் (2014) ஏறக்குறைய இதையே சொன்னது. அதில் ஒரு கொசுறும் உண்டு: மதிப்பீட்டுப் படிவம் கொடுத்த நாளில் மழை பெய்தால் பேராசிரியருக்கு மார்க் குறைகிறது.

மழை மட்டுமா? ஜெர்மனியின் மூன்ஸ்டரில் மருத்துவ மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரே பாடத்தை நடத்தி, சில குழுக்களுக்கு மட்டும் நடுவில் 500 கிராம் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். 2018-இல் வந்த கட்டுரை அது. பிஸ்கட் சாப்பிட்ட குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மார்க் போட்டன. குறிப்புகள் இரு தரப்புக்கும் ஒன்றேதான்.

இதை வைத்து மாணவர்கள் முட்டாள்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அந்த மருத்துவ மாணவர்கள் பொய் சொல்லவில்லை. வகுப்பு அவர்களுக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கும், பிஸ்கட்டோடு. மாணவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சார் நேரத்துக்கு வருகிறாரா? கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாரா? திருத்திய தாளை எத்தனை வாரத்தில் தருகிறார்? கரும்பலகையில் எழுதுவது கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா? இதற்கெல்லாம் அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்தப் பாடம் மூன்று வருஷம் கழித்து வேலையில் உதவுமா, பேராசிரியருக்குத் துறையின் இன்றைய நிலை தெரியுமா என்று கேட்டால் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? தெரிந்திருந்தால் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்களே.

அடுத்து நியாயம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் கோர்ஸ் ஒன்று. மாணவர்கள் ஆசிரியரின் முகத்தையோ குரலையோ அறிய வழியில்லை. எழுத்தில் மட்டும்தான் தொடர்பு. ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு துணை ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் இரண்டு குழுவைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்குத் தங்கள் சொந்தப் பெயரில், இன்னொரு குழுவுக்கு மற்றவருடைய பெயரில். செமஸ்டர் கடைசியில் மதிப்பீடு வந்தது. திருத்திய தாளை நேரத்துக்குத் தந்தாரா என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்த ஆசிரியருக்கு 5-க்கு 4.35. பெண் என்று நினைத்தவருக்கு 3.55. தாள்களை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பித் தந்திருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதிலிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் 'தெளிவு', 'திறமை' போன்ற சொற்களில் என்னவெல்லாம் நுழையும்?

இந்த ஆய்வில் இருந்தது 43 மாணவர்கள்தான். 14 பேரை நம்பாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு 43 பேரை நானே தூக்கிப் பிடிப்பது அழகில்லை. ஆனால் அடுத்த வருஷமே, 2016-இல், பிரான்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் 23,001 மதிப்பீடுகளை வைத்து ஆன் போரிங்கும் இரு கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை வந்தது. அங்கும் ஆண் ஆசிரியர்களுக்குக் கூடுதல் மார்க், அதிலும் முக்கியமாக ஆண் மாணவர்களிடமிருந்து. இறுதித் தேர்வைப் பார்த்தால் அந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் கூடுதலாக ஒன்றும் வாங்கிவிடவில்லை.

எனக்கு மனதில் நிற்பது இன்னொரு சோதனை, ஒருவேளை நம் ஆட்களை நேரடியாகத் தொடுவதால். டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் செய்தது, 1992-இல் வெளியானது. ஒஹையோவைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவரின் குரலில் சிறு சொற்பொழிவைப் பதிவு செய்தார். மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டும்போது திரையில் பேசுகிறவரின் படம் என்று ஒரு புகைப்படம். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்மணியின் முகம், சிலருக்குச் சீனப் பெண்மணியின் முகம். குரல் ஒன்றே. சீன முகத்தைப் பார்த்தவர்களில் பலர் உச்சரிப்பு அந்நியமாக இருந்தது என்றார்கள். அது மட்டுமா, கேட்டதில் நினைவில் நின்றதும் அவர்களுக்குக் குறைவு. கண் பார்த்ததைக் காது கேட்டிருக்கிறது! அமெரிக்காவில் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக வேலை பார்த்த எந்தத் தமிழ்ப் பையனிடமோ பெண்ணிடமோ கேட்டுப் பாருங்கள், ஃபீட்பேக்கில் 'ஆக்சன்ட்' என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று.

ஒரு சின்ன விஷயமும் சொல்ல வேண்டும். அளவுகோலை மாற்றினாலே பாரபட்சம் குறைந்த கதை உண்டு. வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 10-க்கு மார்க் போடுவதை 6-க்கு என்று மாற்றினார்கள். ஆண்கள் அதிகமுள்ள துறைகளில் ஆண், பெண் ஆசிரியர்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பத்துக்குப் பத்து என்றால் மேதை என்று பொருள், அதை ஒரு பெண்ணுக்குத் தர கை வருவதில்லை. ஆறுக்கு ஆறு என்றால் அவ்வளவு கனம் இல்லை. லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் இருவரும் 2019-இல் எழுதியது இது. மாணவர்கள் அதே மாணவர்கள்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி, "அப்ப இந்தத் தளத்தையே மூடிடலாமா?" என்றான்.

வேண்டாம் என்பதே என் கட்சி. இந்த எண் நியாயமா என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாணவர் கையில் இருக்கும்போது அது சீனியரின் பேச்சு மாதிரி. தப்பாகவே இருந்தாலும் நஷ்டம் ஒரு செமஸ்டர். அதே எண் வேலை தருகிறவர் கைக்குப் போனால் அது ஒருவருடைய சம்பளம், பதவி உயர்வு, நிரந்தர வேலை. 2008-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை கல்லூரித் தரவரிசை வெளியிட்டபோது, மொத்த மதிப்பில் 25 சதவீதத்தை இந்தத் தளத்தின் மார்க்கிலிருந்துதான் எடுத்தது. யார் எழுதினார்கள் என்றே தெரியாத எண்கள் அங்கே கல்லூரிகளின் தலையெழுத்தாகிவிட்டன.

கல்லூரிகள் தாங்களே நடத்தும் அதிகாரபூர்வ மதிப்பீட்டிலும் இதே கேள்வி உண்டு. டொராண்டோவில் அப்போது ரையர்சன் என்று பெயர் கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சங்கம் பல வருஷம் போராடியது. 2018-இல் நடுவர் வில்லியம் காப்லன் தீர்ப்புச் சொன்னார்: பதவி உயர்வுக்கும் நிரந்தர வேலைக்கும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்தக் கூடாது. மாணவர் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள அவை உதவும் என்பதை அவர் மறுக்கவில்லை.

பள்ளி ஆசிரியர்களை மதிப்பிடும் தளங்கள் ஐரோப்பாவில் நீதிமன்றம்வரை போயின. பிரான்சில் 'நோட் டூ பி' என்ற தளம் ஆசிரியர்களைப் பெயர் சொல்லி மதிப்பிடுவதைப் பாரிஸ் நீதிமன்றம் 2008-இல் நிறுத்தச் சொன்னது. ஜெர்மனியில் 'ஸ்பிக்மிஷ்' என்ற தளத்தின் மீது ஓர் ஆசிரியை வழக்குப் போட்டார். 2009-இல் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அது கருத்துரிமை என்று சொல்லி அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே கேள்வி, எதிரெதிர்ப் பதில்.

நம் ஊரில் நிலைமை இன்னும் வேறு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு 2017 முதல் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. சிலபஸில் எவ்வளவு நடத்தி முடித்தார்கள் என்பது அதில் முதல் கேள்வி. நல்ல கேள்விதான், ஏனென்றால் மாணவருக்குப் பதில் தெரியும். ஆனால் கேள்வி நன்றாக இருந்தால் மட்டும் ஆகுமா? நான் படித்த கல்லூரியில் ஃபீட்பேக் நாள் என்றால் வகுப்பு மொத்தத்தையும் கம்ப்யூட்டர் லேபுக்குக் கூட்டிப் போவார்கள். ரோல் நம்பர் போட்டு உள்ளே நுழைய வேண்டும். பின்னால் கிளாஸ் இன்சார்ஜ் கையைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து கேள்வி. முடித்தால்தான் ஹால் டிக்கெட். 'மிக நன்று' என்ற வட்டத்தை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே போய், மூன்றே நிமிஷத்தில் தொண்ணூறு கேள்வியையும் முடித்தவன் எங்கள் வகுப்பில் இருந்தான். ரோல் நம்பர் தெரியும் இடத்தில், இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்போது வேறு எதைத் தட்டுவது? அந்த வருஷம் எங்கள் துறை ஆசிரியர்கள் அத்தனை பேரும் அற்புதமானவர்கள் என்று எங்கேயோ ஒரு ஃபைலில் இன்னும் இருக்கும்.

பெயரில்லாமல் எழுதும் தளத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. பயமில்லாதபோது சொல்ல வருவது வேறு. மாணவர்களைக் கேவலமாகப் பேசும் பேராசிரியரைப் பற்றி, மூன்று வருஷமாக மூன்று வெவ்வேறு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அதை நான் நம்புவேன். அமெரிக்காவில் இந்தத் தளத்தின் மார்க்கையும் கல்லூரி தானே எடுத்த மதிப்பீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போயிருக்கின்றன. வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. இரண்டுக்கும் அதே கோளாறுகள் இருக்கலாம், அது வேறு விஷயம்.

கடைசியில் தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். எண்ணை விடு, கருத்துகளைப் படி. அவற்றிலும் தீர்ப்புகளை விடு, தகவலை எடு. 'மோசமான ஆள்' என்பது தீர்ப்பு. 'ஸ்லைடில் இல்லாததும் தேர்வில் வரும்' என்பது தகவல். 'தெய்வம்' என்பது தீர்ப்பு. 'ஹோம்வொர்க் வாரம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரம் ஆகும்' என்பது தகவல். உன் கோர்ஸ் எண் இல்லாத கருத்தைத் தாண்டிப் போ. ஐந்து வருஷத்துக்கு முந்தையது என்றால் அவர் அதற்குள் மாறியிருப்பார், நல்லதாகவோ கெட்டதாகவோ. கடினம் 4.3 என்பதைப் பார்த்துப் பயப்படாதே, அல்காரிதம்ஸ் எளிதாக இருந்தால்தான் நான் பயப்படுவேன். முடிந்தால் முதல் வாரம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வா, பிடிக்காவிட்டால் கோர்ஸை விட்டுவிட அங்கே நாள் தருகிறார்களே.

எடுத்தான். ஹோம்வொர்க் உயிரை எடுக்கிறது என்று அக்டோபரில் புலம்பினான். நவம்பரில் புலம்பல் குறைந்தது. வேலை அதிகமா, பழகிவிட்டதா தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. இந்தத் தடவை அவனுக்கே வந்த மதிப்பீடு. ப்ரோகிராமிங் லேபுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட்டாக இருக்கிறான், 24 மாணவர்கள். படிவம் நிரப்பியவர்கள் ஒன்பது பேர். சராசரி 4.1. ஒரு கருத்தில் 'பொறுமையாகச் சொல்லித் தருகிறார்', இன்னொன்றில் 'ஆக்சன்ட் புரியவில்லை'. ஒரே ஒருவர் மட்டும் எல்லாக் கேள்விக்கும் 1 போட்டிருந்தார், கருத்து எதுவும் எழுதாமல்.

"யாருண்ணா அந்த ஒண்ணு?" என்று கேட்டிருந்தான்.

அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை, தெரியாமல் இருப்பதுதான் அந்தப் படிவத்துக்கே நல்லது என்று எழுதினேன். ஒஹையோ குரலை நினைவுபடுத்தினேன். நீல டிக் வந்தது. ரொம்ப நேரம் பதில் இல்லை. வருத்தப்படுகிறானோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது.

"அண்ணா, 24 பேருக்கு 500 கிராம் பிஸ்கட் போதுமா?"